அழைக்கப்படும் இடமெல்லாம் திராட்சைத் தோட்டமே



நம் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. திருமணப் பேச்சின்போதும், உறவினர் கூடும் துக்க வீட்டிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று கதைக்கும் வேளையிலும் அது தவறாமல் வந்து சேர்ந்துவிடும். "தம்பிக்கு நிரந்தர உத்தியோகமா?" என்பதே அக்கேள்வி. ஆம் என்றால் பெற்றோரின் முகம் மலர்கின்றது. "முன்னர் இருந்த இடத்தில் இப்போது இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறார்" என்றால் ஒரு கணம் அமைதி நிலவுகின்றது. பின்னர் பேச்சு வேறு திசைக்குத் திரும்புகின்றது. அந்த ஒரு கணத்து அமைதி அந்த இளைஞனின் உள்ளத்தை எவ்வாறு காயப்படுத்துகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வாரச் சிந்தனைக்காக, நமக்கு அதிகம் அறிமுகமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து ஒருவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் பெயர் எட்வின் ஜக்சன். அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில் பந்தெறிவாளராக விளங்கியவர். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் எவ்வாறோ, பேஸ்போலில் பந்தெறிவாளர் அவ்வாறே. ஆனால் இவருடைய சுமை சற்று அதிகம். கிரிக்கெட்டில்போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. ஒருவர் தொடர்ந்து எறிய வேண்டும். அவர் களைத்துத் தடுமாறினால் இன்னொருவர் வருவார். வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர இயலாது. அணியின் வெற்றியோ தோல்வியோ ஒரு பந்தெறிவாளரின் பெயருக்கு நேரேதான் எழுதப்படும்.

ஜக்சன் 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஜேர்மனியில் பிறந்தார். அவருடைய தந்தை அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். 2003ஆம் ஆண்டு, தமது இருபதாவது பிறந்தநாளன்று, லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக அவர் முதன்முதலாக மேஜர் லீக் களத்தில் இறங்கினார். எதிரணியில் அவருக்கு நேராகப் பந்தெறிந்தவர் அக்காலத்தின் மாபெரும் பந்தெறிவாளர்களுள் ஒருவரான ரண்டி ஜோன்சன். அன்று வென்றவர் இருபது வயது இளைஞரே. இப்படியொரு தொடக்கத்தைக் கண்டவர்கள், இவர் ஒரே அணியில் நிலைத்து நின்று பெரும் நட்சத்திரமாவார் என்றே எண்ணியிருப்பர். ஆனால் அவருடைய பாதை வேறாக அமைந்தது.

2006இல் அவர் டம்பா பே அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே 2007இல் ஐந்து வெற்றிகளும் பதினைந்து தோல்விகளும் அவர் பெயரில் பதிவாயின. மறு ஆண்டில் பதினான்கு வெற்றிகளைப் பெற்றார். அவ்வணி தன் வரலாற்றில் முதன்முறையாக உலகத் தொடருக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு முடியுமுன்பே அவர் டெட்ரோயிட் அணிக்கு மாற்றப்பட்டார். 2009இல் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தெரிவானார். அந்த ஆண்டின் இறுதியில் அரிசோனா அணிக்கு மாற்றப்பட்டார். 2010 ஜூனில் அரிசோனாவுக்காக அரிய சாதனை ஒன்றைப் படைத்தார். அதன்பின் முப்பத்தைந்தாவது நாளில் சிக்காகோ வைற் சொக்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். 2011 ஜூலை 27ஆம் திகதி சிக்காகோ அவரை ரொறன்ரோவுக்குக் கொடுத்தது. ரொறன்ரோ அதே நாளில் அவரை சென்ற் லூயிஸ் அணிக்குக் கொடுத்தது. ஒரே பகலில் மூன்று அணிகளுக்குச் சொந்தமானவர் அவர்.

இங்கே ஒரு விதியை நீங்கள் அறிதல் நன்று. மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசி ஐந்து ஆண்டுகளைத் தொடர்ச்சியாக ஒரே அணியில் கழித்த வீரருக்கு, தம்மை இன்னோர் அணிக்கு மாற்றுவதை மறுக்கும் உரிமை உண்டு. ஜக்சன் பதினேழு பருவங்கள் ஆடினார். ஆனால் எந்த ஓர் அணியிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே அந்த உரிமை அவருக்கு ஒருநாளும் கிட்டவில்லை. ஏற்கெனவே நிலைபெற்றவனுக்கே நிலைபெறும் உரிமை. அலைந்து திரிபவனுக்கு அலைச்சலே பங்கு. இது பேஸ்போலின் விதி மட்டுமா? நம் வேலைத்தலங்களின் எழுதப்படாத விதியும் இதுவன்றோ?

அவருடைய அந்த 2010ஆம் ஆண்டுச் சாதனையைச் சற்று உற்றுநோக்குவோம். ஓர் ஆட்டம் முழுவதிலும் எதிரணியினருக்கு ஒரேயொரு செம்மையான அடிகூடக் கிடைக்காதபடி பந்தெறிவதைப் பேஸ்போல் உலகம் பெரும்பேறாகக் கருதுகின்றது. ஜூன் 25ஆம் திகதி, தம்மை முன்னர் அனுப்பிவிட்ட அதே டம்பா பே அணிக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்திலேயே ஜக்சன் அதனைச் செய்தார். ஆனால் அது குறையற்ற ஆட்டமன்று. பந்தெறிவாளர் நான்கு முறை தவறாக எறிந்தால், அடிப்பவர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். அன்று ஜக்சன் எட்டுப் பேரை அவ்வாறு நடக்கவிட்டார். அவர்களுள் ஏழு பேர் முதல் மூன்று சுற்றுகளிலேயே நடந்தவர்கள். ஒருவர்மீது பந்தும் பட்டது. மூன்றாம் சுற்றில், ஒருவரும் ஆட்டமிழக்காத நிலையில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றனர். இத்துணைத் தடுமாற்றத்துக்கிடையிலும் அவர் களத்தைவிட்டு அகலவில்லை. 149 பந்துகளை எறிந்தார். அவருடைய அணி பெற்றதோ ஒரே ஓர் ஓட்டம். அதனைக் கொண்டே 1-0 என வென்றார்கள்.

குறையே இல்லாதவர்களால்தான் நிறைவான செயல் கூடும் என்று நாம் நினைக்கின்றோம். இறைவனின் வழி அப்படியன்று. தடுமாறியவன் மீண்டும் பந்தைக் கையில் எடுக்கும் அந்த நொடியே அருளின் நொடி.

சென்ற் லூயிஸ் அணியோடு அவர் 2011 உலகத் தொடரில் ஆடினார். நான்காவது ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அன்று ஏழு பேரை நடக்கவிட்டார். அணி 4-0 எனத் தோற்றது. ஆயினும் ஏழாவது ஆட்டத்தின் முடிவில் தொடரை வென்றது சென்ற் லூயிஸ் அணியே. தோற்ற நாளின் பந்தெறிவாளரும் வெற்றி அணியின் ஓர் உறுப்பே. திருச்சபையை ஓர் உடலாகவும் நம்மை அதன் பல உறுப்புகளாகவும் புனித பவுல் காட்டுவது (1 கொரிந்தியர் 12) இங்கே நம் நினைவுக்கு வரவேண்டும்.

2013இல் சிக்காகோ கப்ஸ் அணி அவரோடு நான்கு ஆண்டுகளுக்கு ஐந்து கோடியே இருபது இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. இறுதியாக ஓர் உறைவிடம் கிடைத்தது என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த முதல் ஆண்டிலேயே பதினெட்டுத் தோல்விகள். ஒப்பந்தம் முடியுமுன்பே, 2015இல், அவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் அற்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பல்ரிமோர், மீண்டும் வொஷிங்ரன் எனப் பயணம் தொடர்ந்தது. 2018இன் தொடக்கத்தில் அவர் கீழ்நிலை லீக்கில் எறிந்துகொண்டிருந்தார். பந்தெறிவாளர்கள் பலர் காயமுற்றிருந்த ஒக்லண்ட் அணி அவரை அழைத்தது. அவர் சென்றார், முப்பத்து நான்கு வயதில் ஆறு வெற்றிகளும் மூன்று தோல்விகளுமாக அந்த அணிக்குத் தோள்கொடுத்தார், அணி இறுதிக் கட்டத் தொடருக்குள் நுழைந்தது. 2019 மே மாதம், நம் உறவுகள் பலர் வாழும் ரொறன்ரோவின் அணிக்காகக் களமிறங்கினார். 2011இல் சில மணிநேரம் மட்டுமே அவரை வைத்திருந்த அதே அணி அவருடைய பதினான்காவது அணியாயிற்று. முப்பது அணிகள் கொண்ட மேஜர் லீக்கில் அதற்குமுன் எவரும் பதினான்கு அணிகளுக்கு ஆடியதில்லை. அந்த ஆண்டு அவருக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. எனினும் 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க அணியில் இடம்பெற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022இல் ஓய்வை அறிவித்தார்.

அவருடைய கணக்கு இதுதான்: 107 வெற்றிகள், 133 தோல்விகள். நம் ஆலய முற்றத்து அளவுகோலின்படி இவர் தோற்றவர். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 2007 முதல் 2013 வரையான ஏழு பருவங்களில் அவர் ஏழு அணிகளுக்கு ஆடினார். அந்த ஏழு பருவங்களில் ஒவ்வொன்றிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடக்கிவைத்தார். சட்டையின் நிறம் மாறியது, ஊர் மாறியது, உடன் ஆடுபவர்கள் மாறினார்கள். முறை வந்தபோது அவர் வந்து நின்றார். பதினான்கு அணிகள் அவரைத் தேடி அழைத்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஆண்டவர் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையை (மத்தேயு 20:1-16) மீண்டும் வாசித்துப் பாருங்கள். நிலக்கிழார் விடியற்காலை முதல் மாலை ஐந்து மணிவரை ஐந்து முறை சந்தைவெளிக்குச் செல்கின்றார். மாலையிலும் அங்கே ஆட்கள் நிற்கின்றார்கள். ஏன் சும்மா நிற்கின்றீர்கள் என்று கேட்கின்றார். தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கின்றார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் விசாரிப்பதில்லை. இதுவரை எத்தனை இடங்களில் வேலை செய்தாய், ஏன் அங்கிருந்து நீங்கினாய், நிரந்தரமாய் இருந்தாயா என்று எதுவும் கேட்காமல் தோட்டத்துக்கு அனுப்புகின்றார். கூலியிலும் குறைவைக்கவில்லை. முணுமுணுத்தவர்கள் யார்? விடியற்காலையிலேயே வேலை உறுதியானவர்கள். அன்புக்குரியவர்களே, நிரந்தரம் பெற்ற நாம் அவர்களுடைய குரலில் பேசிக்கொண்டிருக்கின்றோமா?

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். ஜக்சன் கோடிகளில் ஊதியம் பெற்றவர். ஒப்பந்த வேலையில் மாதக் கடைசியை எண்ணி அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு அவரை எடுத்துக்காட்டாக வைப்பது தகுமா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆகவேதான், பொறுமையோடு இருங்கள் என்று மட்டும் சொல்லி நான் இதனை முடிக்கமாட்டேன். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலின் அடிப்படைக் கருத்து. பல ஆண்டுகள் உண்மையாய் உழைப்பவரைத் தற்காலிகப் பணியாளராகவே வைத்திருப்பது நீதியன்று. நம் கத்தோலிக்க நிறுவனங்களும் இந்த மனச்சோதனையிலிருந்து விலகிநிற்க இயலாது.

இரண்டாவது, சிறு கடினம் வந்ததும் தாமாகவே வேலையை உதறிவிட்டுச் செல்பவரையும் இவ்வாறு புகழலாமா என்பது. இல்லை. பொறுப்பிலிருந்து ஓடுவதும் அனுப்பப்படுவதும் ஒன்றல்ல. புனித பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளியாக ஊர் ஊராகச் சென்றவர். கொரிந்தில் ஒன்றரை ஆண்டு, எபேசில் மூன்று ஆண்டு; தெசலோனிக்காவிலிருந்தோ இரவோடிரவாக அனுப்பிவைக்கப்பட்டார். அவர் நாடோடி அல்லர், திருத்தூதர்.

குருக்களாகிய நாங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயரின் மாற்றல் கடிதத்தைப் பெறுபவர்களே. தொடங்கிய பணி பாதியில் நிற்க, புதிய பங்கின் அறைமனையில் மின்விளக்கின் ஆளி எங்கே என்று இருட்டில் தடவும் முதல் இரவை நானும் அறிவேன். அந்த இரவுகளில், முந்திய பங்கில் நான் எதைச் சாதித்தேன் என்ற கேள்வி எனக்கு உதவியதில்லை. காலையில் மணி அடிக்கும், மக்கள் வருவார்கள், பீடம் காத்திருக்கும். அந்த எண்ணமே என்னை எழுப்பியது.

பெற்றோரே, இவ்வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ இடம் மாறி மாறி உழைக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால், "நிரந்தரமா?" என்று கேட்காதீர்கள். "இன்று வேலை எப்படி, தம்பி? களைத்துவிட்டாயா, மகளே?" என்று கேளுங்கள். பிறர் முன்னிலையில் அப்பிள்ளையின் வேலையைப் பற்றித் தலைகுனியாமல் பேசுங்கள். இளைஞரே, நேற்றைய இடத்தில் எண்ணப்பட்ட தோல்விகளை இன்றைய இடத்துக்குச் சுமந்து செல்லாதீர்கள். உங்கள் முறை வரும்போது எழுந்து நில்லுங்கள்.

தலை சாய்க்கவும் இடமின்றி ஊர் ஊராய் நடந்த இயேசுவே, நிலையான இடமின்றி உழைக்கும் எம் பிள்ளைகளோடு நீர் உடன் நடந்தருளும். மாலை ஐந்து மணிக்கும் அழைக்கும் உமது குரலை அவர்கள் கேட்கச் செய்யும். அவர்களை அளக்கும் எங்கள் கண்களையும் மாற்றியருளும். ஆமென்.