பட்டம் சரி, தொழில் எங்கே?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் கொழும்பிலிருந்து விளம்பரங்கள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. சட்டப் பட்டம் தருவோம் என்று அழைக்கும் தனியார் நிறுவனங்கள், தாம் இணைந்திருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. பசறையிலும் பண்டாரவளையிலும் மொனராகலையிலும் உள்ள பெற்றோர் அதைப் படித்து மயங்குகின்றனர். தாலிக்கொடியை அடகு வைத்தாவது பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் எனத் துடிக்கின்றனர். அங்கே படித்து வெளியேறியவர்களுள் எத்தனை பேர் இன்று சட்டத்தரணிகளாகத் தொழில் புரிகின்றனர் என்ற கணக்கை அவ்விளம்பரங்களில் நாம் கண்டதில்லை. அதைக் கேட்பாரும் இல்லை.

இத்தரவரிசை எதை அளக்கிறது? கியூ.எஸ். நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கல்விமான்களிடையே உள்ள மதிப்புக்கு நூற்றுக்கு 30 புள்ளி. ஆய்வுகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு 20. தொழில் வழங்குவோர் கூறும் நற்பெயருக்கு 15. பட்டதாரிகள் உண்மையில் அடைந்த நிலைக்கோ வெறும் 5! அதுவும் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து இட்ட புள்ளி. மருத்துவ ஆய்வினால் வந்த பெருமையும் அதில் அடக்கம். அந்தப் பெருமைக்கும் சட்டம் படித்த பிள்ளையின் பிழைப்புக்கும் என்ன சம்பந்தம்?

நமது நாட்டில் சட்டப் பட்டத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. 1874இல் தோன்றிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேற வேண்டும். மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயில வேண்டும். அதன் பின்னரே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அதற்குப் பின்னும் கனிஷ்ட சட்டத்தரணியாக, சொற்ப வருவாயோடு காத்திருக்கும் காலம் ஒன்று உண்டு. தந்தையின் அலுவலக அறையும் மாமனின் சிபாரிசும் உள்ள கொழும்புப் பிள்ளைக்கு அக்காலம் விரைவில் கழிந்துவிடும். புதுக்கடைக்கு அருகே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் தோட்டத்துப் பிள்ளை எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பான்? இடையிலே கைவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? தரவரிசையைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பட்டே படித்தது. சட்டக் கல்லூரிகளின் வரிசைப் பட்டியலுக்கு அங்கே அத்தனை மவுசு. அதில் மேலேறும் ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? மாணவர் தகைமை பற்றிப் பொய்யான புள்ளிவிபரம் வெளியிட்டதற்காக இலினோய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 2012இல் இரண்டரை இலட்சம் டொலர் அபராதம் கட்டியது. 1990 முதல் முதலிடத்தை விட்டிறங்காத யேல் சட்டக் கல்லூரியே 2022 நவம்பரில் அப்பட்டியலுடன் ஒத்துழைக்க முடியாது என்று விலகிக்கொண்டது. கல்லூரியின் உதவிப் பணத்தில் பொதுநலச் சட்டப் பணி செய்யும் பட்டதாரிகளை வேலையற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியல் நடத்துகிறது என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2023இல் பட்டியல்காரர்கள் தம் கணக்கை மாற்றினர். வேலைவாய்ப்புக்கு அளித்த பங்கு நூற்றுக்கு 33 ஆயிற்று.

அந்தக் குற்றச்சாட்டு மொனராகலைக்கு மிகப் பொருந்தும். தரவரிசையை விட்டுச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதும் நமக்குப் போதாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். மொனராகலையிலோ நூற்றுக்குச் சிலரே. நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் உரைபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால், சேமலாப நிதி கிடைக்காத இறப்பர்த் தோட்டத் தொழிலாளியோ, காணி எல்லைத் தகராற்றில் அகப்பட்ட விவசாயியோ தன் வழக்கைத் தன் மொழியிலே எடுத்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி வேண்டாமா? அரைகுறையாக விளங்கிய பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு அலைந்தவர்களின் கதை தோட்டங்களில் புதிதல்ல. கொழும்புக் கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கும் ஒருவனும், மொனராகலை நீதவான் நீதிமன்றத்தில் ஏழைக்கு வாதாடும் ஒருத்தியும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாக இருக்கலாம். சம்பளக் கணக்கு முன்னவனை வெற்றி என்றும் பின்னவளைத் தோல்வி என்றும் எழுதும். இக்கணக்கை நாம் ஏற்பதற்கில்லை.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதை நாம் வரவேற்கிறோம். (ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. தொழிலுக்கு அது வேண்டும். ஆனால் அது வாசலை அடைக்கும் தாழ்ப்பாளாகக் கூடாது.) தமிழில் எழுத வழி திறந்தால் மட்டும் போதுமா? எழுதித் தேறியவர் ஊவாவில் நின்று தொழில் நடத்தவும் வழி வேண்டும். தோட்டப்புறத்துக் கனிஷ்ட சட்டத்தரணிகளுக்கு முதல் இரண்டாண்டுக்கேனும் உதவிப்பணம் தந்து, பதுளை, மொனராகலை நீதிமன்றங்களில் சட்ட உதவிப் பணியில் அமர்த்துமாறு சட்ட உதவி ஆணைக்குழுவை நாம் கேட்கிறோம். வசதி படைத்த நம் சட்டத்தரணிகளும் ஆளுக்கொரு ஊவாப் பிள்ளையைத் தம் அலுவலகத்தில் ஊதியத்தோடு சேர்த்துக்கொள்ளட்டும்.

சட்டம் கற்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அரசினதாயினும் தனியாரதாயினும், ஆண்டுதோறும் ஒரு கணக்கை வெளியிட வேண்டும். சேர்ந்தவர் எத்தனை பேர். சத்தியப்பிரமாணம் செய்தவர் எத்தனை பேர். ஓராண்டின் பின் சட்டத் தொழிலில் இருப்பவர் எத்தனை பேர். எந்த மாவட்டத்தில், எந்த மொழியில் தொழில் செய்கின்றனர்? இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே இக்கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். எழுதித் தர மறுக்கும் இடத்தில் முதல் தவணைப் பணத்தைக் கட்டாதீர்கள்.