தமிழ் குறைந்தால் கட்டுமானம் நிற்கட்டும்!

திருவண்ணாமலையில் முழுமதிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோருள் ஆங்கிலம் அறியா உழவரும் உழைப்பாளரும் பல்லாயிரவர். அவருள் ஒருவர், ஊர் திரும்பப் பேருந்துச் சீட்டு எடுக்கக் கைப்பேசியைத் திறக்கிறார் எனக் கொள்வோம். முகப்பு தமிழில், ஊர்ப்பெயர் தமிழில், பணம் செலுத்துங்கால் தோன்றும் எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில்! இன்றியமையா இடத்தில் தமிழ் காணாமற் போவதேன்?

மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்பர் சிலர். அன்று, உறவீர்! குறை மென்பொருளைக் கட்டும் முறையிலேயே உள்ளது.

நிரலர் எழுதும் நூற்றுக்கணக்கான கோப்புகளை உரிய முறைப்படி இணைத்து ஒரு மென்பொருளாக்குவது கட்டமைப்புக் கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் இசுடூவர்ட்டு பெல்டுமன் ஆக்கிய 'மேக்' இத்தகையது. மாறிய கோப்பையும் அதனைச் சார்ந்தவற்றையும் மட்டுமே அது மீளக் கட்டும்; நடுவே பிழை நேரின் பணியை நிறுத்தும். இன்று நிரல் எழுதும் திரையோடே இத்தகு கருவிகள் இணைந்து, ஒரே தட்டலில் கட்டலும் ஆய்தலும் நிகழ்கின்றன.

மொழிபெயர்ப்புக்கெனக் குனூ திட்டத்தார் 1995-இல் 'கெட்டெக்சுட்டு' எனும் கருவித்தொகுதியை வெளியிட்டனர். ஆங்கிலத் தொடரும் தமிழ்த் தொடரும் இணையிணையாக எழுதிய கோப்பைப் பொறி படிக்கும் வடிவாக அது மாற்றும். தமிழ்த் தொடர் இல்லாவிடத்தில் ஆங்கிலமே தோன்றும். கைப்பேசி மென்பொருள்களிலும், தமிழ் விடுபட்டால் அந்த மென்பொருளின் முதன்மொழியே வந்து நிற்கும். நிரலில் ஓர் அரைப்புள்ளி விடுபடின் நின்றுவிடும் கட்டுமானம், நூறு தமிழ்த் தொடர் விடுபடினும் தடையின்றி முடிகிறதே! இது பொறியின் இயல்பா? இல்லை, நாம் இடாத கட்டளையின் விளைவு.

தீர்வு அரிதன்று. பெயர்த்தவை எத்தனை, எஞ்சியவை எத்தனை என எண்ணிச் சொல்லும் ஏந்து கெட்டெக்சுட்டிலேயே உண்டு. 'ஒன்று எஞ்சினும் கட்டுமானம் நிற்க' எனக் கட்டமைப்புக் கோப்பில் எழுதுதல் சில வரிப் பணியே. வெளியீடு காலந்தாழும் என வணிகர் முறையிடலாம். ஆங்கிலத் தொடர்கள் பாதி விடுபட்ட மென்பொருளை விரைவு கருதி அவர் வெளியிடுவரோ? ஆங்கிலத்திற்குக் காட்டும் பொறுமையைத் தமிழுக்கும் காட்டுக!

தமிழ்நாட்டரசு மக்களுக்கென வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தத்திலும் இந்நெறி இடம்பெறல் வேண்டும். இளம் நிரலர்காள்! அரசாணைக்குக் காத்திராதீர். நும் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து, அவ்வரிகளை இன்றே எழுதுக! தமிழ் இறுதியில் பூசும் மேற்பூச்சு அன்று. அடித்தளத்தில் வைக்கும் கல்.