கிருபையா? சித்தமா? தீர்ப்பளித்தது யார்?

கிறிஸ்தவ மதத்தில் 1,600 வருஷ காலமாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. மனிதன் இரட்சிக்கப்படுவது கடவுளின் கிருபையினாலா, அல்லது அவனுடைய சொந்தச் சித்தத்தினாலும் முயற்சியினாலுமா என்பதே அவ்வழக்காகும். கேட்பதற்கு இது வேலையற்ற பண்டிதர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பொழுது போக்குகிற சங்கதி போலத் தோன்றலாம். ஆனால் இதற்காக நாடு கடத்தப்பட்டவர்களையும், சிறையில் கிடந்தவர்களையும், தலை வெட்டப்பட்டவரையும் கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

எல்லாம் கிருபை என்றால், கிருபை கிடைக்காதவன் நரகத்துக்குப் போவது அவன் குற்றமாகாது, கொடுக்காதவர் குற்றமேயாகும். எல்லாம் சித்தம் என்றால், நல்லவனாக நடக்க நினைத்தவன் தானே நடந்து கொள்ளுவான். நடுவில் கடவுளுக்கும் வேலையில்லை, குருமாருக்கும் வேலையில்லை. இரண்டும் கலந்தது என்றால், கொடுக்கிற கிருபையை ஏற்றுக்கொள்ளும் புத்தி ஒருவனுக்கும், தள்ளிவிடும் புத்தி மற்றொருவனுக்கும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டியதாகி, பேச்சு மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும்.

இந்த வழக்கை முதலில் சந்திக்கு இழுத்தவர் பெலாகியஸ் என்பவர். பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்து ஒழுக்கத்தைப் போதித்து வந்த துறவி. கடவுள் ஒரு காரியத்தைச் செய் என்று கட்டளையிட்டால் அதைச் செய்யும் சக்தி மனிதனுக்கு இருக்கத்தானே வேண்டும், முடியாததைக் கட்டளையிட்டு, பிறகு செய்யவில்லை என்று தண்டிப்பது நீதியாகுமா என்பது அவர் கேள்வி. ஆதாம் செய்த பாவம் பிறக்கிற குழந்தையின் தலையில் விடியாது என்பது அவர் கட்சியின் கொள்கை. (இவரைப் பகுத்தறிவுவாதி என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நித்திய நரகத்தை அவரும் நம்பியவர்தான்.) வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்துப் பிஷப்பாயிருந்த அகஸ்டின் இதை எதிர்த்தார். ஆதாமோடு மனித ஜாதி முழுதுமே கெட்டுப் போய்விட்டது என்றும், அதிலிருந்து கடவுள் தம் இஷ்டப்படி சிலரைப் பொறுக்கி எடுத்துக் கொண்டு மற்றவர்களை அழிவுக்கே விட்டு விடுகிறார் என்றும், அதைப்பற்றிக் கேள்வி கேட்க மனிதனுக்குப் பாத்தியமில்லை என்றும் வாதாடினார்.

சரி, தீர்ப்பு எப்படிக் கிடைத்தது? 415-ல் பாலஸ்தீனத்தில் கூடிய பிஷப்புகள் பெலாகியஸ் குற்றமற்றவர் என்றார்கள். 417 ஆரம்பத்தில் போப் இன்னொசென்ட் அவர் குற்றவாளி என்றார். இன்னொசென்ட் செத்துப்போய் அதே வருஷத்தில் பட்டத்துக்கு வந்த போப் சோசிமஸ் அவர் குற்றமற்றவர் என்றார். 418 ஏப்ரல் 30-ந் தேதி ஹொனோரியஸ் சக்கரவர்த்தி ரவென்னாவிலிருந்து பெலாகியஸ் கூட்டத்தாரை ரோமாபுரியை விட்டு ஓட்டும்படி உத்தரவு போட்டார். மறுநாள் மே 1-ந் தேதி கார்த்தேஜில் 200-க்கு மேற்பட்ட பிஷப்புகள் கூடி அவர் கொள்கையைச் சபித்தார்கள். உடனே சோசிமஸும் தலைகீழாகத் திரும்பி, அவர் குற்றவாளிதான் என்று எழுதி, எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட மறுத்த 18 இத்தாலியப் பிஷப்புகள் பதவி இழந்தார்கள். அவர்களில் ஒருவரான எக்லானம் ஜூலியன் என்பவர், இந்த உத்தரவுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து 80 குதிரைகள் அரண்மனைக்கு லஞ்சமாகப் போயின என்று குற்றஞ்சாட்டினார். அது நிஜமோ பொய்யோ, குதிரைகளை விட்டு விடுவோம். வேதப்புஸ்தகம் 415-ல் இருந்ததுதான் 418-லும் இருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லையே! மாறியது சர்க்கார் உத்தரவு ஒன்றுதானே!

பெலாகியஸிடம் அவ்வளவு பயம் ஏன்? பிறந்த குழந்தைக்குப் பாவமில்லை என்று ஒப்புக்கொண்டால், அதைக் கழுவுவதற்கு ஞானஸ்நானம் எதற்கு, அதைக் கொடுப்பதற்குக் குரு எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். அகஸ்டின் இதை நன்றாய் உணர்ந்தவர். ஆதலால், ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தையும் தண்டனைக்கே போகும் என்று சொல்லி, அந்தத் தண்டனை இருப்பதில் மிக லேசானதாக இருக்கும் என்று தாராளமும் காட்டினார்! பிற்காலத்தார் இதற்கே வெட்கப்பட்டு, வேதனையும் இல்லாமல் மோட்சமும் இல்லாமல் ஒரு தனி இடத்தைக் கற்பித்தார்கள்.

இந்தக் கற்பனையின் பலனை அனுபவித்தவர்கள் தாய்மார்கள். சுவிட்சர்லாந்தில் ஓபர்பூரன் என்ற ஊரில் ஒரு மாதா கோவில் இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளை அங்கே கொண்டு வருவார்கள். நெருப்புத் தணலாலும் மெழுகுவர்த்தியாலும் உடலைச் சூடேற்றி, உதட்டில் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டது என்று சொல்லி, அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துப் புதைத்து விடுவார்கள். 1528-ல் அந்தக் கோவில் இடிக்கப்பட்டது. நம் காலத்தில் அங்கே தோண்டிப் பார்த்தவர்கள் சுமார் 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டார்கள். பெற்ற வயிறு எரிகிறவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய மதம், அவளைப் பனியிலும் மழையிலும் செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு நடக்க வைத்தது.

ரோமாபுரிப் போப்பை உதறிய சீர்திருத்தக்காரர்களாவது இதில் புத்தியாக நடந்தார்களா என்று பார்த்தால், அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனித சித்தம் ஒரு சவாரி மிருகம் போன்றது, கடவுள் ஏறினால் கடவுள் பக்கமும் பிசாசு ஏறினால் பிசாசு பக்கமும் போகும் என்றார் லூதர், 1525-ல். இன்னார் நித்திய சாவுக்கு என்று முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கிறது என்றார் கால்வின். அது பயங்கரமான தீர்மானந்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதை மறுத்துப் பேசிய போல்செக் என்ற வைத்தியர் 1551-ல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டார். விதிப்படி பேசிய வைத்தியரைத் தண்டிப்பானேன் என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்!

ஹாலந்தில் நடந்ததோ இரத்தத்தில் முடிந்தது. கிருபையை மனிதன் ஏற்கவும் மறுக்கவும் கூடும் என்ற ஆர்மீனியஸ் கட்சியை விசாரிக்க 1618 நவம்பரில் டோர்ட் நகரில் ஒரு சங்கம் கூடிற்று. எதிர்க்கட்சியாரே நீதிபதிகள். 1619 ஜனவரியில் ஆர்மீனியஸ் கட்சியார் வெளியே துரத்தப்பட்டார்கள். அவர்களில் 200 பேர் வரையில் போதகர் வேலை இழந்தார்கள். சங்கம் தன் தீர்மானங்களை வெளியிட்ட அதே மே மாதம் 13-ந் தேதி, அக்கட்சிக்கு ஆதரவாயிருந்த 71 வயதுக் கிழவரான ஓல்டன்பார்ன்வெல்ட் என்ற பெரிய ராஜதந்திரியின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. ஆயுள் சிறையிலிருந்த குரோஷியஸ் என்ற சட்ட நிபுணர் 1621-ல் புஸ்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். அதில் மோரிஸ் பிரபுவின் அரசியல் பகையும் கலந்திருந்தது என்பார்கள். வாஸ்தவந்தான். அரசியல் பகைக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கக் கடவுள் கிருபை உதவிற்று என்பதைத்தான் நாமும் சொல்லுகிறோம்.

நிற்க. கத்தோலிக்கர்களுக்குள்ளும் டொமினிக்கன்களும் ஜெசூட்களும் இதே விஷயத்தில் கட்டிப் புரண்டார்கள். போப்பின் முன்னிலையில் வருஷக்கணக்காக விசாரணை நடந்தது. 1607-ல் ஐந்தாம் பால் போப் சொன்ன தீர்ப்பு என்ன? ஒருவரையொருவர் மதவிரோதி என்று திட்டிக் கொள்ளாதீர்கள், தக்க சமயத்தில் முடிவு சொல்லுகிறோம் என்பதே. அந்தச் சமயம் இன்னும் வரவில்லை!

நம் வைஷ்ணவர்கள் குட்டியைக் கவ்வும் பூனையையும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும் வைத்துக்கொண்டு தென்கலை வடகலை என்று அடித்துக் கொண்டதும் இதே வழக்குத்தான். ருடால்ப் ஓட்டோ என்ற ஜெர்மன் பண்டிதர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு புஸ்தகமே எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் மனித அறிவுக்கு எட்டாத இரகசியம் என்று பாதிரிமார் இன்று சொல்லுகிறார்கள். எட்டாத விஷயத்தில் ஓல்டன்பார்ன்வெல்ட்டின் கழுத்து மாத்திரம் எப்படி எட்டிற்று? 2007-ல் ரோமாபுரியின் வேதசாஸ்திரக் கமிட்டி ஒன்று, போப்பின் சம்மதத்தோடு ஒரு அறிக்கை வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறதாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாதாம். அந்தத் தனி இடமும் ஒரு அபிப்பிராயந்தானாம். சபையின் கட்டாயக் கொள்கையாக அது ஒருபோதும் இருந்ததில்லையாம். ஓபர்பூரனுக்கு நடந்து போன தாய்மார்களுக்கு இதை யார் போய்ச் சொல்லுவது?