நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், உப்பைத் தின்னாது! மாசுபட்ட நிலத்தை மீட்க முதலில் செய்ய வேண்டியது என்ன?

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் 'நுண்ணுயிர் விட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சு எழுகிறது. பேச்சு பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. எந்த மாசுக்கு நுண்ணுயிர் உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், பருவமும் போகும்.

எண்ணெய்: நுண்ணுயிர் வெல்லும் இடம்

கச்சா எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். மண்ணில் இயற்கையாகவே இருக்கும் சில பாக்டீரியாக்களுக்கு அது உணவு. அவை எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஆனால் எண்ணெயில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை. அதனால் அந்த உரங்களை அளவாக இட்டு, ஈரம் காத்து, காற்றுப் புக மண்ணைக் கிளறிவிட வேண்டும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் விபத்துக்குப் பிறகு, கடற்கரையில் உரமிட்டே அங்கிருந்த பாக்டீரியாக்களைப் பெருக்கினார்கள். தேங்கி நிற்கும் எண்ணெயை முதலில் அள்ளி அகற்ற வேண்டும்; மிச்சத்தைத்தான் நுண்ணுயிர் தின்னும். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.

குரோமியம்: பாதி வெற்றி

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிக்கப்பட்டது. உலோகத்தை எந்த உயிராலும் அழிக்க முடியாது. உருவைத்தான் மாற்ற முடியும். நீரில் எளிதில் கரையும் நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை, அதிகம் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாகச் சில பாக்டீரியாக்கள் மாற்றுகின்றன. அவற்றுக்குச் சர்க்கரைப்பாகு போன்ற தீனி தேவை. நச்சு குறைந்தாலும் குரோமியம் மண்ணிலேயே இருக்கும். கழிவு மேட்டை மூடாமல் விட்டால் ஒவ்வொரு மழைக்கும் புது நஞ்சு இறங்கும். எனவே கசிவை அடைப்பதே முதல் வேலை.

உப்பு: நுண்ணுயிர் தோற்கும் இடம்

நொய்யல் கரையில் பிரச்சினை வேறு. 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றிய சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சாயத்தின் நிறத்தை நுண்ணுயிரால் சிதைக்க முடியும். ஆனால் சாயமேற்றும்போது சேர்க்கும் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தண்ணீர் தெளிந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். அதற்கு நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்ற வேண்டும். சோடியம் மிகுந்த களர் நிலம் என்றால் ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும்.

முதலில் பரிசோதனை

கடையில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் பயிர்ச் சத்துக்கானது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பாக்கெட்டுகள் நோய்த் தடுப்புக்கானவை. எதுவும் எண்ணெய்க்கோ குரோமியத்துக்கோ மருந்தல்ல. வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

* பாதித்த இடத்திலும் பாதிக்காத இடத்திலும் தனித்தனியாக மண் எடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.
* மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள்.
* வழக்கமான மண் பரிசோதனையில் கார அமிலத் தன்மை, உப்பின் நிலை, சத்துகள்தான் தெரியும். குரோமியம், எண்ணெய் அளவு வேண்டுமெனில் தனியாகக் கேளுங்கள்.
* பாசன நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லி கிராமைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் திணறும். குடிநீரில் குரோமியம் 0.05 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது.
* இரண்டு தட்டுகளில் இரு மண்ணையும் நிரப்பி, தலா 20 பாசிப்பயறு விதையுங்கள். முளைப்பில் பெரிய வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை. இது ஆய்வகச் சோதனைக்கு மாற்றல்ல.

நுண்ணுயிர் சிகிச்சை தொடங்கிய பிறகும் இடைவெளி விட்டு அதே இடத்தில் மண் எடுத்துச் சோதியுங்கள். அளவு குறையவில்லை என்றால் சிகிச்சை வேலை செய்யவில்லை என்றே பொருள்.

செலவு யாருடையது?

வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை உறுதிசெய்தது. நிலத்தைச் சீரமைக்கும் செலவும் இதில் அடங்கும். ஆகவே சொந்தக் காசில் மருந்து ஊற்றுவதற்கு முன் தேதியுடன் புகைப்படம் எடுங்கள். பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்துங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எந்த மாசு, எவ்வளவு என்று காட்டும் அந்தத் தாள்தான் நிலத்துக்கு எந்தச் சிகிச்சை என்றும் சொல்லும், இழப்பீட்டுக்கும் சாட்சியாக நிற்கும்.