எது அருமை?

‘இதழ் அருமை.’ எங்களுக்கு வரும் கடிதங்களில் பல இந்த இரண்டு சொல்லில் தொடங்கி அங்கேயே முடிந்தும்விடுகின்றன. சந்தா அனுப்பும் அன்பர்கள்கூட ஓரத்தில் ஓர் ‘அருமை’ எழுதிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அருமை எது? கதையா, கட்டுரையா, அட்டைப்படமா?

இந்தச் சொல் பாராட்டுவதற்கென்று பிறந்ததல்ல. அரிது, அரிய, அருஞ்சொல் எல்லாம் அதன் பங்காளிகள். கிடைப்பதற்கோ செய்வதற்கோ கடினமானது என்பதே பழம்பொருள். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முதல் குறள் (611) அருமையை அந்தப் பொருளில்தான் ஆள்கிறது. செயல் கடினமென்று தளர்ந்துவிடாதே என்கிறது. சிலப்பதிகாரத்தின் பழைய உரையான அரும்பதவுரையில் வரும் ‘அரும்பதம்’ அழகிய சொல் அல்ல, எளிதில் பொருள் விளங்காத சொல். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்னும்போது அந்த அபூர்வத்தோடு மதிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை சரி. அபூர்வத்தை உதறிவிட்டு மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். காபியும் அருமை, கவிதையும் அருமை என்றாகிவிட்டது.

பாரசீகத்திலிருந்து வந்த சபாஷுக்குக் கச்சேரியிலாவது இந்தக் கதி நேரவில்லை. தொடையில் தாளம் போட்டபடி கேட்கும் ரசிகர், கற்பனை ஸ்வரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு எடுப்பில் பிசகாமல் வந்து விழும் கணத்தில் ‘சபாஷ்’ என்கிறார். இடம் தப்பிச் சொன்னால் அவருடைய ஞானம் அம்பலமாகிவிடும். அருமை சொல்பவருக்கு அப்படி ஓர் ஆபத்தும் இல்லை. அது மலிந்ததற்குக் காரணம் இதுவே. (‘செம’, ‘வேற லெவல்’ மீது எங்களுக்குப் புகார் இல்லை. அவை உற்சாகக் கூச்சல்கள். மதிப்பீடு என்று வேஷம் கட்டுவதில்லை.)

வாசகரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மதிப்புரை எழுதுகிறவர்கள் ‘அருமையாகச் சித்திரித்திருக்கிறார்’ என்று ஒரு வரியில் நூலைக் கடந்துபோகிறார்கள். படிக்காமலே எழுதிவிடக்கூடிய வரி அது. இந்த இதழ் முதல் அதை அடித்துவிடப்போகிறோம், நண்பர்களின் நூலானாலும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கடிதத்தில் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே சலித்துப்போய் மூடிவைத்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவதையும் வெட்டாமல் வெளியிடுவோம்.

- ஆசிரியர் குழு