லீனியர் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க

"டிஜிட்டல் கேமராவுக்கு லீனியர் போலரைசர் ஆகாது, சர்குலர்தான் வாங்கணும்." கேமரா தொட்ட எல்லாருக்கும் கிடைக்கிற இலவச அட்வைஸ் இது. பாதிதான் உண்மை.

டி.எஸ்.எல்.ஆர்-ல இருக்கிற கண்ணாடி, வர்ற ஒளியைப் பிரிச்சு ஒரு பங்கை ஆட்டோ ஃபோகஸுக்கு அனுப்புது. லீனியர் ஃபில்டர் வழியா வர்ற ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால், ஃபில்டரைத் திருப்பத் திருப்ப அந்தப் பங்கு மாறும். ஃபோகஸும் மீட்டரும் குழம்பும். ஆக, பிரச்சினை கண்ணாடியில; சென்சார்ல இல்ல. ஃபிலிம் காலத்துத் தலைவலி இது! மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே கிடையாது. சர்குலர்ங்கிறதும் லீனியருக்குப் பின்னால ஒரு கால்-அலைத் தகடு சேர்த்ததுதான். அதுக்கு எதுக்கு மிரர்லெஸ்காரன் கூடுதல் காசு கொடுக்கணும்?

பழைய ஃபில்டர் கிடைச்சா லேப்டாப் எல்.சி.டி. திரை முன்னாடி பிடிச்சுச் சுத்துங்க. எந்தப் பக்கம் வச்சாலும் இருண்டா லீனியர். ஒரு பக்கம் மட்டும்னா சர்குலர்.

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்"னு சொல்றவங்க கம்பம் பள்ளத்தாக்குக்கு வாங்க. மழைக்கப்புறம் மேகமலைத் தேயிலை மேல இருக்கிற பளபளப்பை ஃபில்டர் எடுத்தாத்தான் உள்ள இருக்கிற பச்சை தெரியும். படத்துல பதியாத பச்சையை எந்த சாஃப்ட்வேர் கொண்டுவரும்? ஒண்ணரை ஸ்டாப் வெளிச்சம் போகும், போகட்டும்.

ஆனா நடவுக்குத் தண்ணி கட்டின வயல்ல முழுசாத் திருப்பிடாதீங்க. தண்ணிக்கு 37 டிகிரி சாய்வுல பார்த்தா பிரதிபலிப்பு கிட்டத்தட்ட மொத்தமாப் போயிடும். மலை காணாம போய் வெறும் சேறு நிக்கும். நான் பாதியிலேயே நிறுத்திடுவேன்.