பிளஸ் டூ முடிச்ச பிள்ளை வயலுக்கு ஏன் வரணும்?



நெல்லுக்கு விலை கேட்டு, ஆற்றில் தண்ணீர் கேட்டு, பயிர்க் காப்பீட்டுப் பணம் கேட்டு எத்தனையோ துண்டறிக்கைகளை உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். இந்தத் தடவை நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறோம். "விவசாய சங்கத்துக்கும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். சம்பந்தம் இருக்கு. முழுசாப் படிச்சுப் பாருங்க.

நம்ம காவிரி டெல்டாவில் எந்தச் சின்ன டவுனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டியோ, மன்னார்குடியோ, பட்டுக்கோட்டையோ, பேராவூரணியோ. அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளில் பெரும்பகுதி சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகள்தான். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவன் பிள்ளை, குத்தகைக்கு உழுபவன் பிள்ளை, நடவுக்கும் களை பறிக்கவும் போகிற தாய்மாரின் பிள்ளை. "மேல என்னப்பா செய்யப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் போலீஸ் என்பான். விடியுமுன்னே வாய்க்கால் கரையில் ஓடிப் பழகிக்கொண்டிருப்பான். ஒரு பெண் நர்ஸ் என்பாள். இன்னொருத்தி கலெக்டர் என்பாள், அதைச் சொல்லும்போது கூச்சமே இருக்காது. கம்ப்யூட்டர் என்பான் ஒருத்தன். "சிங்கப்பூருக்குப் போகணும் மாமா, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்பான் இன்னொருத்தன். எதுவும் தோணாத பிள்ளைகூட "திருப்பூருக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்று சொல்லும். விவசாயம் பார்க்கப் போறேன் என்று ஒரு பிள்ளை சொல்லட்டும், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் சிரித்துவிடும்.

இதைக் கேட்டு மேடையில் பேசுகிற பெரிய மனிதர்களுக்கு வருத்தம் பொத்துக்கொண்டு வருகிறது. "இளைஞர்கள் மண்ணை மறந்துவிட்டார்கள், வயலுக்குத் திரும்ப வேண்டும்" என்கிறார்கள். அப்படிப் பேசுகிறவரின் மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேற பக்கம் போயிடும். சேற்றில் கால் வைக்காதவன் சேற்றின் பெருமையைப் பேசுவது நம்ம நாட்டில் பழைய வழக்கம்.

நாங்கள் சொல்கிறோம், பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. அதுங்க கணக்குப் படிச்சிருக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை நாமும் ஒருதரம் போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையைச் சேர்த்து நம்ம கைக்கு 2,500. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். ஆக ஒரு சிப்பம் ஆயிரம் ரூபாய். இப்போது பையன் இன்ஜினியரிங் கலந்தாய்வில் இடம் பிடித்து, அரசு ஒதுக்கீட்டிலேயே தனியார் கல்லூரிக்குப் போகிறான் என்று வையுங்கள். 2017-ல் நிர்ணயித்த கட்டணமே வருஷத்துக்கு 50,000, 55,000 ரூபாய். அதாவது 50 சிப்பம் நெல். நல்லா விளைஞ்சா ஒரு ஏக்கரில் மொத்தமாகக் கிடைப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுப்பு மெஷின் வாடகை எதையும் கழிக்காமல், ஒரு ஏக்கர் நெல் மொத்தத்தையும் அள்ளிக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷ ஃபீஸ். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் தனி. முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்று வாங்கினால் 2010-11 முதல் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, உண்மைதான். ஆனால் வீட்டில் மூத்தது ஒன்று அதை வாங்கிவிட்டால் ரெண்டாவது பிள்ளைக்குக் கிடையாது.

இருபது வருஷத்துக்கு முன்னால், 2005-06-ல், இதே சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு கொடுத்த விலை 570 ரூபாய். நாலு மடங்கு ஏறியிருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஒரு ஆள் கூலி எத்தனை மடங்கு ஏறியிருக்கு, டீசல் எத்தனை, ஆஸ்பத்திரிச் செலவு எத்தனை? அதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

மத்திய அரசே 2018-19 விவசாய ஆண்டுக்கு விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுத்தது. நாடு முழுக்கச் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 10,218 ரூபாய். அதில் பயிரில் இருந்து வந்தது 3,798. கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று பெயர், ஆனால் பயிரைவிடக் கூலிதான் அதிகம்! 2003-ல் எடுத்த ஆய்வில் நூற்றுக்கு 40 விவசாயிகள், வேற வழி கிடைத்தால் விவசாயத்தை விட்டுவிடுவோம் என்று சொன்னார்கள். அப்பன்மார்களே அப்படிச் சொன்ன பிறகு பதினேழு வயசுப் பிள்ளை மட்டும் என்ன சொல்லும்? தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. ரெண்டு பிள்ளை இருந்தால் ஆளுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவு. இதில் எந்தப் பிள்ளையை வயலுக்கு வா என்று கூப்பிடுவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. அஞ்சு ஏக்கர் நஞ்சை இருந்தாலும், "பையன் என்ன வேலை பாக்குறான்?" என்றுதான் முதல் கேள்வி. மெட்ராசில் செக்யூரிட்டி வேலை என்றாலும் பேச்சு நடக்கிறது, சொந்த வயல் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே பாட்டுத்தான். கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்கிற வாத்தியார்கள் இன்னமும் இருக்கிறார்கள். மாடு மேய்ப்பதைத் தண்டனை என்று பத்து வருஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பதினோராவது வருஷம் விவசாயம் புனிதம் என்றால் பிள்ளை நம்புமா?

சரி, போகட்டும். போகிற பிள்ளை நல்லபடியாகப் போகிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. இங்கேதான் நம்ம சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு, விதை, நாற்றங்கால் என்று கையில் காசு வேண்டிய மாதம் ஜூன். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. காலேஜ் அட்மிஷன், கலந்தாய்வு, ஃபீஸ் எல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆக நம்ம வீட்டில் பயிர்ச் செலவும் படிப்புச் செலவும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நிற்கின்றன. சம்பா நெல் வித்த காசு தை, மாசியில் வந்து பழைய கடனுக்குப் போயிருக்கும். அப்புறம் என்ன செய்வது? சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடன் காலேஜ் ஃபீஸாக மாறும். வயலுக்கு உரம் வாங்க அம்மாவின் தோடு நகைக்கடனுக்குப் போகும். ஃபீஸ் கட்டிவிட்டோமே என்று உரத்தைக் குறைத்துப் போட்டால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் அடுத்த வருஷ ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கணும். பிள்ளையின் ஆசைக்கு நெல் பயிர் பலியாகிறது, பயிர் பொய்த்தால் பிள்ளையின் படிப்பு பலியாகிறது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2024-லும் அந்தத் தேதியில் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அந்த வருஷங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் காலேஜுக்குப் போகாமல் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறினார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தார்களா?

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று திட்டத்திலேயே இருக்கு. ஆனால் கடன் மனுவில் தகப்பனும் கையெழுத்துப் போடணும். தகப்பன் பேரில் டிராக்டர் கடனோ நகைக்கடனோ பாக்கி நின்றால் சிபில் சரியில்லை என்று மனு ஓரமாகப் போகும். புயலும் வறட்சியும் வந்து கடன் கட்டமுடியாமல் போனது அப்பன் குற்றமா, பிள்ளை குற்றமா? 2021-ல் கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தார்கள், வரவேற்றோம். கூட்டுறவில் வாங்காத, பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கு அதில் என்ன கிடைத்தது?

டாக்டர் ஆசை தனிக்கதை. 2007-ல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கே போதும் என்று இருந்தது. 2017-ல் நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததால் சில விவசாயி வீட்டுப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்கள். அது இல்லையென்றால் அதுவும் இல்லை. 2021-ல் அந்த ஒதுக்கீட்டை இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை வேளாண்மைப் பட்டப்படிப்பில் இந்த ஒதுக்கீட்டில் சேரலாம் என்பது நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லணும். 2022 செப்டம்பரில் இருந்து அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்ல காரியம். பஸ்சுக்கும் கைச்செலவுக்கும் ஆகும், ஹாஸ்டலுக்கு ஆகாது. ரிசல்ட் வந்த கையோடு புரோக்கர் ஒருத்தர் வீட்டுக்கு வருவார், ஒண்ணு கல்யாணப் புரோக்கர், இல்லேன்னா மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர். வேளாண்மை படித்த பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்பி வந்து நிலத்தில் ஏதாவது செய்து பார்க்கிறேன் என்றால், எந்த நிலத்தில் செய்வாள்? மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாச்சு. எத்தனை வீட்டுப் பட்டாவில் மகள் பேர் ஏறியிருக்கு? நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும், வந்தாலும் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் தொழிற்கல்விப் பாடமாக வேளாண்மை இருக்கிறது. ஆனால் பல ஊர்களில் அந்த வாத்தியார் ரிட்டயர் ஆனால் அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் போட்டார்களே, அந்த மண்டலத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் விவசாய குரூப்பும் அதற்கு ஒரு வாத்தியாரும் இருக்கணுமா இல்லையா? மண்ணைப் பாதுகாத்துவிட்டு அதில் உழ ஆளை எங்கே இருந்து கொண்டுவருவார்கள்?

எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் 2006-லேயே சொல்லியாச்சு, உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் சேர்த்து விலை கொடுங்கள் என்று. இளைஞர்களை விவசாயத்தில் நிறுத்தி வைக்க வழி பார்ப்பதும் அந்த ஆணையத்துக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. மத்திய அரசு கொடுத்துவிட்டோம் என்கிறது. எப்படிக் கணக்குப் போடுகிறது? சொந்த நிலத்துக்கு வாடகை கிடையாது, போட்ட முதலுக்கு வட்டி கிடையாது, இரண்டையும் விட்டுவிட்டு மீதிச் செலவுக்கு மேல் ஐம்பது. டவுனில் பெட்டிக்கடை வைத்திருப்பவன்கூடக் கடை வாடகையைச் சேர்த்துத்தான் லாபம் பார்ப்பான். நம்ம நிலம் மட்டும் இனாமா?

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். நிலத்துக்கான வாடகையும் முதலுக்கான வட்டியும் சேர்ந்த முழுச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் வைத்து நெல்லுக்கு விலை வேண்டும். விவசாயி பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தை ஜூனில் ஒரே மூச்சில் கேட்காமல் சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் கட்ட அனுமதி வேண்டும். இதற்கு அரசுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, ஒரு ஆணை போட்டால் போதும். அப்பன் கடன் பாக்கியைக் காட்டிப் பிள்ளைக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது. போலீஸ் ஆகிறவன் போலீஸ் ஆகட்டும், நர்ஸ் ஆகிறவள் நர்ஸ் ஆகட்டும், சிங்கப்பூருக்குப் போகிறவன் ஏஜென்ட்டிடம் ஏமாறாமல் போகட்டும். வயலில் நிற்க நினைக்கிற ஒன்றிரண்டு பிள்ளை கேலிக்கு ஆளாகாமல் நிற்கட்டும்.

தோழர்களே, மாதா மாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு இந்த முறை பிளஸ் டூ முடித்த உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். நமக்குப் பதில் அதுங்களே எழுந்து பேசட்டும். பேங்கில் கல்விக் கடன் இல்லை என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எந்தத் தேதி, எந்தக் கிளை, யாரைப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து, ரசீதோடு சேர்த்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நாற்பது ஐம்பது தாள் சேர்ந்ததும் எல்லாரும் கூடவே போய்க் கேட்போம்.